கல் ஒட்டாத டயர்

கடுகு என்று ஊரார் பெயர் வைத்ததற்குத் துப்பறிவாளரின் உருவம் காரணமில்லை. ஆள் நல்ல உயரம், தோளும் அகலம். காய்ந்த எண்ணெயில் போட்ட கடுகு மாதிரி பட் பட்டென்று வெடிப்பார், அதனால் வந்த பெயர். அன்றைக்குச் சனிக்கிழமை. காலையிலிருந்தே வெடித்துக்கொண்டிருந்தார். அவருடைய கார் கிளம்ப மறுத்தது ஒரு காரணம். தள்ளிவிட வந்த மச்சினன், தள்ளாமல் நின்று யோசனை சொன்னது இன்னொரு காரணம். கடைசியில் வழக்கைக் கொண்டுவந்த கட்சிக்காரரின் டயர் வேனில் ஏறி, முதுகுக்குப் பின்னால் டயர்கள் இப்படியும் அப்படியும் உருள, ரப்பர் நாற்றத்தோடு பந்தயத் தடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

தடத்தின் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் மூக்கு நசுங்கிய ஒரு சிவப்புக் கார். அதைச் சுற்றி மூன்று பேர்: கடுகு, அவருடைய மனைவியின் தம்பியும் உதவியாளனுமான மச்சினன், கட்சிக்காரரான டயர்க்காரர்.

அது பெரிய பந்தயக்காரர்கள் ஓட்டும் இடமில்லை. வாரம் முழுக்க ஏதோ ஒரு வேலை பார்ப்பவர்கள், ஞாயிற்றுக்கிழமை ஆனதும் சொந்தக் காரைக் கொண்டுவந்து ஆசை தீர ஓட்டிவிட்டுப் போகும் ஒரு கிளப். போன ஞாயிறு ஒரு பல் டாக்டரம்மா இந்தக் காரை ஓட்டினார். கடைசி வளைவில் கார் சறுக்கியது, ஓரத்துச் சரளைக்கல் படுகையில் இறங்கியது, அதையும் தாண்டித் தடுப்பில் போய் முட்டியது. ஸ்டியரிங் உதறிய உதறலில் டாக்டரம்மாவின் வலது மணிக்கட்டு முறிந்துபோனது. பல் பிடுங்கும் கை.

காருக்கு டயர் கொடுத்தது டயர்க்காரர். டாக்டரம்மா அவருடைய கூடப்பிறந்த அக்கா.

"சாயங்காலம் கிளப் கமிட்டி கூடுது சார்," என்றார் டயர்க்காரர். "மட்டமான டயரைத் தலையில கட்டிட்டான், இனிமே இவன் கடை டயர் டிராக் பக்கமே வரக் கூடாதுன்னு எழுதப் போறாங்க. கடை போனா போகட்டும். வேற எதையாவது வித்துப் பொழைச்சுக்கலாம். ஆஸ்பத்திரிக்குப் போனேன் சார். என்னைப் பாத்ததும் அக்கா சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிச்சு. ஒரு வார்த்தை பேசல. அந்தக் கையை நான்தான் ஒடிச்சேன்னு நினைக்குது. அது இல்லேன்னு அதுக்குத் தெரிஞ்சா போதும். வேற எதுவும் வேண்டாம் எனக்கு."

பெரிய உருவம், கரி படிந்த விரல்கள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேசினார். கடுகுக்கு இந்த மாதிரிக் கட்சிக்காரர்கள்தான் பிடிக்காது. சும்மா எரிந்து விழவும் முடியாது.

"இந்த டயரைப் பத்திச் சொல்லுங்க," என்றார்.

"நகத்தால அழுத்திப் பாருங்க."

கடுகு குனிந்து கட்டைவிரல் நகத்தை ரப்பரில் வைத்தார். நகம் பதிந்தது.

"இது டிராக்குக்குன்னே உள்ள டயர் சார். ரொம்ப மெத்து. சூடேறினா பசை மாதிரி தரையைப் பிடிச்சுக்கும், ஆனா சீக்கிரம் தேஞ்சிடும். ரோட்டு டயர் வேற ரகம். வருஷக் கணக்கா உழைக்கும், வேகமா வளைச்சா பிடிப்பு கிடையாது. இங்க வர்றவங்க வீட்லேர்ந்து ரோட்டு டயர்ல வருவாங்க. வந்து கழட்டிட்டு டிராக் டயரை மாட்டுவாங்க. சாயங்காலம் மறுபடி மாத்திக்கிட்டு வீட்டுக்குப் போவாங்க."

"ஆக, ஒட்டினா உழைக்காது, உழைச்சா ஒட்டாது," என்றான் மச்சினன், வாயில் சூயிங்கத்தை மென்றுகொண்டே. "நான் எந்த ரகம் மாமா?"

"நீ ஒட்டுற ரகம். என் வீட்டுல."

மச்சினன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டான். கடுகு காரைச் சுற்றி வந்தார். நாலு டயரின் பக்கவாட்டிலும் மஞ்சள் பெயின்டில் ஒரு பொட்டு.

"காலையில கிளப்புக்காரங்க செக் பண்ணி வைக்கிற பொட்டு," என்றார் டயர்க்காரர். "பொட்டு வெச்ச டயர்லதான் ஓட்டணும். செக் பண்ணினப்புறம் மாத்தினா ஆயுசுக்கும் தடை. மாத்தினவங்க, கூட நின்னவங்க, எல்லாருக்கும். பொட்டு அப்படியே இருக்கே, அதனாலதான் என் டயர்தான் சறுக்குச்சுன்னு அடிச்சுச் சொல்றாங்க. என்னாலயும் மறுக்க முடியல. ஆனா இது சறுக்காது சார். சத்தியமா சறுக்காது."

கடுகு தரையில் முட்டி போட்டு ஒவ்வொரு டயராகப் பார்த்தார். வெடிப்பு இல்லை, கிழிசல் இல்லை, மேல் ரப்பர் லேசாக உரிந்திருந்தது தவிரப் புத்தம் புதுசு. இருந்த ஒரே அதிசயம் சில நூல்கள். ரப்பரின் மேல் அங்கங்கே பச்சை நிறத்தில் சின்னச் சின்ன நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. ஒன்றைக் கிள்ளி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பருத்தி நூல். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. தெரியாதது எதுவானாலும் அவருக்குக் கோபம்தான் வரும். நூலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து ஒரு எட்டு வைத்தவர், செருப்பு தரையோடு ஒட்டிக்கொண்டதால் தடுமாறினார்.

மச்சினனின் வாய் அசையாமல் இருந்தது.

"துப்பினியா?"

"ருசி போயிடுச்சு மாமா."

கடுகு சொன்னதை அச்சில் போட முடியாது.

கடைசி வளைவில் ஒரு பெண்மணி உட்கார்ந்து, தடத்தின் விளிம்புக்குச் சிவப்பும் வெள்ளையுமாகப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வளைவில் கொடி காட்டுபவர் அவர்தான். மற்ற நாளில் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். விபத்தைக் கண்ணால் பார்த்த ஒரே ஆள்.

அவரிடம் போகச் சரளைப் படுகையைக் குறுக்கே கடக்க வேண்டியிருந்தது. கடுகு காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தார். சூயிங்கம் போவதாக இல்லை.

"என்னத்த சொல்றது," என்றார் கொடிக்காரம்மா, பிரஷ்ஷைக் கீழே வைக்காமல். "கத்திக்கிட்டே வந்துச்சு, கத்திக்கிட்டே போச்சு."

"யாரு, டாக்டரம்மாவா?"

"டயருங்க. வளைவு ஆரம்பிக்கறப்பவே கீச்சுன்னு எடுத்துச்சு. சரளையில இறங்கறவரைக்கும் நிக்கல. என் காதுல இன்னும் இருக்கு."

டயர்க்காரர் ஒரு அடி முன்னால் வந்தார். "கத்துச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா."

"காதுல பஞ்சா வெச்சிருந்தேன்?"

"அது கத்தாது சார்," என்று டயர்க்காரர் கடுகின் பக்கம் திரும்பினார். "ரோட்டு டயர்தான் அப்படிக் கத்தும். பிடி விடப்போகுதுன்னா முன்கூட்டியே கூச்சல் போட்டு எச்சரிக்கும். அதனாலதான் புதுசா ஓட்ட வர்றவங்களை முதல்ல ரோட்டு டயர்லயே பழகச் சொல்லுவோம். நான் குடுத்தது அப்படிக் கத்தாது. கடைசிவரைக்கும் பிடிச்சிருக்கும். விட்டுச்சுன்னா சொல்லாம கொள்ளாம விடும்."

"எங்க அக்கா ரோட்டு டயர் ரகம்," என்றான் மச்சினன். "மாமாவுக்கு எத்தனை எச்சரிக்கை வருது தினமும்."

"இதைக் கமிட்டிகிட்ட சொன்னீங்களாம்மா?" என்று கடுகு பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"கேட்டாத்தானே? நீ கொடியை ஒழுங்கா காட்டினியான்னு மட்டும் கேட்டாங்க."

கடுகு வந்த எரிச்சலில் காலைத் தரையில் ஓங்கி உதைத்தார். உதைத்த கால் கனமாக இருந்தது. செருப்பைக் கழற்றித் திருப்பிப் பார்த்தார். சூயிங்கத்தில் ஒரு கைப்பிடி சரளைக்கல் அப்பிக்கொண்டிருந்தது. கட்டைவிரலால் நெம்பினாலும் வரவில்லை.

"உன்னை இன்னைக்கு..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார்.

செருப்பைப் பார்த்தார். சரளையைப் பார்த்தார். தூரத்தில் தெரிந்த கொட்டகையைப் பார்த்தார்.

"டயர் சூடேறினா பசை மாதிரின்னு சொன்னீங்கல்ல?"

"ஆமா சார்."

"பசை மாதிரி இருக்கிற டயர் இந்தக் கல்லுல இறங்கினா?"

டயர்க்காரர் குனிந்து ஒரு சரளைக்கல்லை எடுத்துப் பார்த்தார். இத்தனை நாளும் அவருக்கு இது தோன்றாமல் போனதற்குக் காரணம் எளிது. அக்காவின் காரை அவரால் நேராகப் பார்க்கவே முடிந்ததில்லை.

"அப்பிக்கும் சார். நாலு டயர்லயும் கல்லு கல்லா அப்பிக்கும். ஸ்க்ரூ டிரைவர் வெச்சுத்தான் நெம்பி எடுக்கணும்."

"அந்த டயர்ல ஒரு கல்லு இல்லை. அது இந்தச் சரளையில இறங்கவே இல்லை. சறுக்கினது வேற டயர். அப்புறமா யாரோ உங்க டயரை எடுத்து மாட்டிட்டுப் போயிருக்காங்க."

"நான் துப்பினதுல எவ்வளவு விஷயம் இருக்கு பாத்தீங்களா," என்றான் மச்சினன்.

கொட்டகைக்கு இரண்டே சாவிகள். ஒன்று கிளப் செக்ரட்டரியிடம், இன்னொன்று காரின் சொந்தக்காரரிடம். காரின் சொந்தக்காரர் என்றால் டாக்டரம்மாவின் கணவர், கட்டட இன்ஜினியர். அவரும் ஞாயிற்றுக்கிழமைப் பந்தயக்காரர்தான்.

அவரைத் தேடிப் போன இடத்தில் பாதி கட்டிய கட்டடம் நின்றது. இன்ஜினியர் உச்சி மாடியில் இருந்தார். லிஃப்ட் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குழி மட்டும் இருந்தது. கடுகு கைப்பிடி இல்லாத படிகளில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினார். வேனிலேயே இருக்கச் சொன்ன டயர்க்காரர் அவருக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்தார். யாரும் சொன்னதைக் கேட்காத நாள் அது.

கட்டடத்தைச் சுற்றிப் பச்சை வலை கட்டியிருந்தார்கள். மச்சினன் அதைப் பார்த்ததும் கடுகின் விலாவில் இடித்தான்.

"மாமா, பச்சை. மாட்டிக்கிட்டார்."

கடுகு வலையின் ஓரத்தைப் பிடித்துக் கிழித்துப் பார்த்தார். பிளாஸ்டிக். பையிலிருந்த நூலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வலையை உதறிவிட்டு மேலே நடந்தார்.

இன்ஜினியர் மறைக்க முயலவில்லை. டயர்க்காரரின் முகத்தைப் பார்த்ததுமே தலையில் இருந்த ஹெல்மெட்டைக் கழற்றி ஒரு செங்கல் அடுக்கின் மேல் வைத்தார்.

"நான்தான் மாட்டினேன் மாப்ள. அன்னைக்கு ஆஸ்பத்திரியிலேர்ந்து நேரா கொட்டகைக்குப் போனேன். உன் அக்கா ரோட்டு டயர்ல ஓட்டியிருக்கான்னு தெரிஞ்சா அவளை ஆயுசுக்கும் உள்ள விடமாட்டாங்க. அதுதான் அவளுக்கு உசுருன்னு உனக்கே தெரியும். பொட்டு வெச்ச டயரைத் திருப்பி மாட்டிட்டுப் பழசை எடுத்துட்டு வந்துட்டேன். பழி உன் மேல வரும்னு அப்ப தோணல."

"அப்புறம் வந்துச்சே அத்தான்."

"வந்துச்சு," என்று மட்டும் சொன்னார் இன்ஜினியர்.

"அதுக்கு முன்னாடி உங்க மச்சானோட டயரைக் கழட்டினது யாரு?" என்றார் கடுகு.

இன்ஜினியர் தொலைவில் எதையோ பார்த்தார். "அதுவும் நான்தான். மதியம் அதே கார்ல எனக்குப் பந்தயம் இருந்துது. புது டயர் அதுக்கு இருக்கட்டும்னு கழட்டிட்டு, ரோட்டு டயரை அவளுக்கு மாட்டிவிட்டேன். பட்டன் எல்லாம் நல்லாத்தான் இருந்துது."

டயரின் மேல் கட்டம் கட்டமாக இருக்கும் ரப்பர் மேட்டைத்தான் பட்டன் என்பார்கள். அது தேய்ந்தால் மொட்டை டயர். தேயாமல் இருந்தால் நல்ல டயர் என்று எல்லாரும் நினைத்துக்கொள்வார்கள்.

"பட்டன் இருந்தா போதுமா?" டயர்க்காரர் கத்தினார். அன்றைக்கு அவர் கத்தியது அது ஒன்றுதான். "தயாரிச்ச வருஷம் டயர் மேலேயே போட்டிருக்கே, பாத்தீங்களா? அது எத்தனை வருஷத்து டயர்? வெயில்ல காஞ்சு காஞ்சு கட்டை மாதிரி இறுகிப்போயிருக்கும். நகம் இறங்காது. அதைப் போட்டு எங்க அக்காவை அந்த வளைவுக்கு அனுப்பினீங்களா?"

அவருடைய கை இன்ஜினியரின் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டது. சுவர் எழும்பாத மாடி அது. ஓரம் பக்கத்தில்தான் இருந்தது.

"அண்ணே, தள்ளறதா இருந்தா அவர் ஹெல்மெட்டைப் போட்டுக்கட்டும்," என்று மச்சினன் இடையில் புகுந்து நின்றான். "அக்கா வீட்டுக்காரரைத் தள்ளணும்னு எனக்கும் தினமும் தோணும். தள்ளினதில்லை."

டயர்க்காரர் கையை எடுத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தார்.

"நானே கமிட்டிக்குப் போய்ச் சொல்லிடறேன்," என்றார் இன்ஜினியர். "எல்லாம் நான் பண்ணினதுன்னு. அவளுக்கு எதுவும் தெரியாது. இப்பவே போறேன்."

கட்சிக்காரரின் பெயர் துலங்கிவிட்டது. குற்றவாளி ஒப்புக்கொண்டுவிட்டார். வேறு ஒரு துப்பறிவாளராக இருந்தால் கீழே இறங்கி நிம்மதியாக ஒரு டீ குடித்திருப்பார். கடுகுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பையில் கிடந்த பச்சை நூல் அவரை அரித்தது.

"ஒரே ஒரு கேள்வி," என்றார். "கழட்டின புது டயரை எதுல சுத்தி வெச்சீங்க?"

இன்ஜினியர் அவசரமாக மறுத்தார். "சுத்தி வைக்கறதா? டயரை யாராவது சுத்தி வைப்பாங்களா? சுவத்துல சாச்சு வெச்சேன்."

"சரி. நீங்க போங்க."

கீழே இறங்கும்போது மச்சினன் கேட்டான், "கேஸ் முடிஞ்சுது மாமா. எதுக்கு மூஞ்சியை இப்படி வெச்சிருக்கீங்க?"

"பொய் சொல்றார்டா. மெத்து டயர் சூடா இருக்கறப்போ எதைத் தொட்டாலும் இழுத்துக்கும். கல்லைத் தொடல, கல்லு ஒட்டல. பச்சைத் துணியைத் தொட்டிருக்கு, நூல் ஒட்டியிருக்கு. யாரோ அந்த டயரைச் சூடு ஆறறதுக்குள்ள துணியில சுத்தி வெச்சிருக்காங்க. பந்தயத்துக்கு எடுத்து வைக்கிறவன் சுவத்துல சாச்சுட்டுப் போவான். துணியில சுத்தறது வேற ஆளு. வண்டியை எடு."

"எங்க?"

"பல் ஆஸ்பத்திரிக்கு."

டாக்டரம்மாவின் கிளினிக் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்தது. வாசலில் 'டாக்டர் பார்க்கவில்லை' என்று அட்டை தொங்கியது. டயர்க்காரர் படியேற மறுத்துவிட்டார். மறுபடியும் அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பினால் தாங்காது என்று சொல்லி வேனிலேயே உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே நோயாளிகள் சாய்ந்துகொள்ளும் நாற்காலியில் டாக்டரம்மா உட்கார்ந்திருந்தார். வலது கை முழங்கைவரை மாவுக்கட்டு. வீட்டில் இருப்புக் கொள்ளாமல் வந்திருக்கிறார் என்பது பார்த்ததுமே தெரிந்தது. பக்கத்து மேசையில் கழுவிய கருவிகள் வரிசையாக ஒரு பச்சைத் துணியில் காய்ந்துகொண்டிருந்தன. பல தடவை துவைத்த துணி, விளிம்பெல்லாம் பிரிந்து நூல் நூலாகத் தொங்கியது.

கடுகு பையிலிருந்த நூலை எடுத்து அந்தத் துணியின் மேல் வைத்தார். வைத்ததும் அது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் போய்விட்டது.

டாக்டரம்மா அதைப் பார்த்தார். பிறகு கடுகைப் பார்த்தார்.

"என் தம்பி அனுப்பினானா?"

"ஆமாம்மா. உங்க வீட்டுக்காரர் கமிட்டிக்குப் போயிருக்கார், கழட்டினது மாட்டினது எல்லாமே நான்தான்னு சொல்றதுக்கு."

"அவர் அப்ப அங்கேயே இல்லை. அடுத்த பந்தயத்துக்கு ரூல்ஸ் சொல்லிக்கிட்டிருந்தாங்க, அங்க உக்காந்திருந்தார்." டாக்டரம்மா இடது கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஜாக்கி வெச்சுத் தூக்கினது, கழட்டினது, பழசை மாட்டினது, எல்லாம் நான். இந்தக் கையாலதான்."

கதவருகே சத்தம் கேட்டது. டயர்க்காரர் நின்றுகொண்டிருந்தார். பொறுக்க முடியாமல் ஏறி வந்திருக்கிறார். யாரும் சொன்னதைக் கேட்காத நாள் என்று முன்பே சொன்னோம்.

"நீயாக்கா?"

டாக்டரம்மாவின் முகம் தானாகச் சுவர்ப் பக்கம் போனது.

"ஏன்க்கா? நான் குடுத்த டயர் மேல உனக்கு நம்பிக்கை இல்லையா? வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லியிருக்கலாம்ல. ஊர் பூரா என்னை ஏமாத்துக்காரன்னு சொல்லுது. சொல்லட்டும். நீயே நம்பலன்னா..."

மச்சினன் கடுகின் சட்டையைப் பிடித்து இழுத்தான். கடுகுக்குக் காரணம் தெரிந்திருந்தது என்பது அவனுக்கும் தெரிந்தது. நம்பாத பொருளை யாரும் துணியில் சுற்றி வைக்க மாட்டார்கள். ஆனால் அதைச் சொல்ல வேண்டிய வாய் தன்னுடையது இல்லை என்று கடுகு நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றார். அவர் வாழ்நாளில் அப்படி நின்றது அபூர்வம்.

"உன் மூஞ்சியைப் பாக்க முடியலடா எனக்கு," என்றார் டாக்டரம்மா சுவரைப் பார்த்தபடியே. "உன் அத்தான் டயரை மாத்தி வெச்சது எனக்கு அப்புறமாத்தான் தெரிஞ்சுது. வாயைத் திறந்தா அவர் மாட்டுவார். திறக்கலேன்னா நீ மாட்டுவே. ஒரு வாரமா இதையேதான் நினைச்சுக்கிட்டுக் கிடக்கேன்." பிறகு மச்சினனிடம், "தம்பி, அந்த ஃபோனை எடுத்து கிளப் செக்ரட்டரிக்குப் போடுங்க. எல்லாருக்கும் கேக்கற மாதிரி வைங்க," என்றார்.

செக்ரட்டரி எடுத்தவுடன் சலித்துக்கொண்டார். கமிட்டி நடந்துகொண்டிருக்கிறது, இப்போதுதான் டாக்டரம்மாவின் வீட்டுக்காரர் வந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டார், டயர்க்காரர் பெயரை எடுத்துவிட்டோம், இனிமேல் என்ன என்றார்.

"அவர் பாதிதான் உண்மை சொன்னார். திருப்பி மாட்டினது மட்டும்தான் அவர். பொட்டு வெச்ச டயரைக் கழட்டிட்டுப் பழசை மாட்டி ஓட்டினது நான்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் முணுமுணுப்புக் கேட்டது.

"என்ன சொல்றீங்கன்னு யோசிச்சுத்தான் சொல்றீங்களா டாக்டர்? தடை ஆயுசுக்கும். ரெண்டு பேருக்கும்."

"தெரியும். அதுக்குத்தான் கூப்பிட்டேன்."

"நல்ல டயர் இருக்கறப்போ எதுக்குக் கழட்டினீங்க? ஏதாவது கோளாறா?"

டாக்டரம்மா பச்சைத் துணியில் பிரிந்து தொங்கிய ஒரு நூலை இடது கையால் இழுத்தார். டயர்க்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஹலோ? காரணம்னு ஒண்ணு எழுதணும் இங்க."

"கோளாறு ஒண்ணும் இல்லை," என்றார் டாக்டரம்மா. "சூடேத்தறதுக்கு மெதுவா ஒரு ரவுண்டு போயிட்டு வந்தேன். இறங்கிப் பாத்தா மேல் ரப்பர் அதுக்குள்ள உரிஞ்சு உரிஞ்சு வந்திருக்கு. நாலும் புதுசு. தம்பி ஆசையா கொண்டுவந்து குடுத்தது. ஒரே நாள்ல தேச்சுத் தீக்க மனசு வரல. இன்னைக்குப் பழசுலயே ஓட்டிக்கலாம், இது பத்திரமா இருக்கட்டும்னு கார்ல கிடந்த கிளினிக் துணியில சுத்தி எடுத்து வெச்சேன்."

"டயரையா?"

"டயரைத்தான்."

செக்ரட்டரி அதை எழுதிக்கொண்டார். மச்சினன் போனை அணைத்துப் பச்சைத் துணியின் ஓரத்தில் வைத்தான். டாக்டரம்மா இப்போதுதான் திரும்பித் தம்பியின் முகத்தைப் பார்த்தார்.

டயர்க்காரர் வந்து நாற்காலியின் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தார். மாவுக்கட்டைத் தொடப் போன கையைத் தொடாமல் இழுத்துக்கொண்டார். கோபமா அழுகையா என்று பிரிக்க முடியாத குரலில் சொன்னார்.

"அது தேயணும்னுதானேக்கா குடுத்தேன். அது தேஞ்சிருந்தா உன் கை நல்லா இருந்திருக்குமே."